தேயிலையும் சுவாசப்பையும்

புற்றுநோயை அழிக்க மார்பிற் செலுத்தப்படும் கதிர்கள், கலங்களிலுள்ள நீரைச் சிதைத்து ஐதரொட்சில் மூலிகங்களை உண்டாக்குகின்றன. அவற்றால் ஊறுபட்ட சுவாசப்பை சில வாரங்களோ திங்களோ கழித்து அழற்சியுறும். நாளடைவில் நார்த்தன்மை எய்தி இறுகுதலும் உண்டு.

இம்மூலிகங்களைத் தணிக்கவல்ல கற்றெக்கின்கள் மலையகக் கொழுந்தில் மிகுந்துள்ளன. எலிகளில் நிகழ்த்திய சோதனையில் அவற்றுளொன்று சுவாசப்பையை ஓரளவு காத்தது. சீனத்து மருத்துவர் அதனையே கரைசலாக்கிச் சுவாசப்பைப் புற்றுநோயாளருக்கு அளித்து ஆராய்ந்தனர். ஆயின் அவர்கள் நோக்கியது கதிர்களாற் புண்ணுற்ற உணவுக்குழாயையே.

1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்த தலவாக்கலையிலும் அட்டனிலும் கொழுந்து பெரும்பாலும் கருந்தேயிலையாகவே ஆக்கப்படுகிறது. உருட்டியதும் நொதியம் கற்றெக்கின்களை ஒட்சியேற்றித் தியாபிளேவின் முதலியனவாக மாற்றிவிடும். செந்நிறம் வந்த வழி இதுவே! எனவே, கொழுந்து பறிப்பவள் அருந்தும் சாயத்தண்ணீரில் அம்மருந்துப்பொருள் சிறிதே எஞ்சும். செறிவூட்டிய சாற்று மாத்திரைகளோ மிகின் ஈரலைத் தாக்கும். கதிர்ச்சிகிச்சையின்போது புற்றுக்கலங்களையும் அவை காத்துவிடக்கூடுமென்று மருத்துவர் அஞ்சுகின்றனர்.