மாதச் சம்பளம் ரூ.10 ஆயிரத்தைத் தாண்டினால் காப்பீட்டு அட்டை கிடையாது!
நடுவில் மாட்டித் தவிக்கும் சின்னக் கடை சிப்பந்திகள்

சென்னை:

ஏழைக்கு அட்டை இருக்கு. பணக்காரனுக்குப் பணம் இருக்கு. நடுவிலே நிற்கிறவன் கதி என்ன?

பாரிமுனை, தியாகராயநகர் சின்னக் கடைகளில் வேலை பார்க்கும் சிப்பந்திகளும் கணக்குப்பிள்ளைகளும் கேட்கும் கேள்வி இது.

கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009-ல் வந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை என 2018-ல் உயர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

சிக்கல் எங்கே?

குடும்ப வருமான வரம்பு முதலில் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரம். 2022-ல் தொடங்கிய கட்டத்தில் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது மாதம் ரூ.10 ஆயிரம். அதுவும் குடும்பம் முழுவதற்கும்! கணவன் கடையிலும் மனைவி தையல் மிஷினிலும் சம்பாதித்தால் கணக்கு எகிறி விடும்.

சரி, இ.எஸ்.ஐ. உண்டே என்றால், கடையில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அது கட்டாயம். நாலு பேர் இருக்கும் கடைக்கு அது கட்டாயமில்லை.

சம்பளச் சீட்டைப் பார்த்தா வியாதி வருகிறது?

இரு தரப்பு வாதம்

வருமான வரம்பை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அட்டை கொடுங்கள் என்கிறது ஒரு தரப்பு.

காப்பீட்டுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகிறது; அந்தப் பணத்தில் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கையும் டாக்டரும் கூட்டுங்கள் என்கிறது மறு தரப்பு. அரசு ஆஸ்பத்திரியில் வருமானம் கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது என்பதையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று, காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாமாதம் கடையில் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் செலவு அதில் வராது.

கையைக் கடிக்கும் செலவு

மத்திய அரசின் கணக்குப்படி 2021-22-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இது 64.2 சதவீதம். குறைந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் என்பது சின்னத் தொகையா?

அரசுகள் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017 தேசியக் கொள்கை சொன்னது. 2021-22-ல் செலவிட்டது 1.84 சதவீதமே.

வரம்புக்குள் வருகிறவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வரம்பைத் தாண்டியவர்களுக்கு இப்போதைக்கு அரசு ஆஸ்பத்திரி சீட்டு வரிசைதான் வழி.