பாதி வளைவை மறைத்துப் பாருங்கள்

மதுரை ஆனையூரில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. உள்ளே போனதும் எல்லாரும் தூண்களைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தூணுக்குத் தூண் தாவும் வளைவுகளைப் பாருங்கள். செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். உச்சியில் இருக்கும் செங்கலுக்குக் கீழே வெறும் காற்று! ஏன் விழவில்லை?

முழு வளைவையும் ஒரே மூச்சில் யோசித்தால் தலை சுற்றும். பொறியாளர்கள் வேண்டிய துண்டை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்வார்கள். நாமும் அப்படியே செய்வோம். ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையால் வலப்பாதியை மறையுங்கள். மிச்சமிருக்கும் இடப்பாதி உள்பக்கமாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லையே! அப்படியானால் மறைத்த பாதி அதை உச்சியில் தள்ளிக்கொண்டிருக்கிறது. துண்டை நீக்கலாம், அது கொடுத்த தள்ளலை நீக்கக் கூடாது. அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட வேண்டும். இதை மறந்துதான் பலர் பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது கணக்கு. (மகாலின் அளவு அல்ல, நம் வசதிக்கு எடுத்துக்கொண்டது.) இடப்பாதியின் எடை 600 கிலோ. அந்த எடை, வளைவு தூணில் ஊன்றும் இடத்திலிருந்து 1 மீட்டர் தள்ளிக் கீழே இழுக்கிறது. உச்சி, ஊன்றும் இடத்தைவிட 2 மீட்டர் உயரம். கவிழ்க்கப் பார்ப்பது 600 × 1. தடுப்பது தள்ளல் × 2. இரண்டும் சமம் என்றால் தள்ளல் 300 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 1 மீட்டராகக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்: 600! தட்டையான வளைவுதான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

அடுத்து ஒரு தூணை மட்டும் பிரித்தெடுங்கள். இடப்பக்க வளைவு வலப்புறம் தள்ளுகிறது, வலப்பக்க வளைவு இடப்புறம் தள்ளுகிறது. வளைவுகள் ஒரே மாதிரி இருந்தால் இரண்டும் அடிபட்டுப்போகும். தூணுக்கு எடை சுமக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

வரிசையின் கடைசித் தூணுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு பக்கம்தான் வளைவு. மறுபக்கம் எதிர்த்துத் தள்ள ஆள் இல்லை. அங்கே பருத்த தூணோ கனத்த சுவரோ வேண்டும். வைகையின் குறுக்கே கட்டிய ஏ.வி. பாலத்திலும் வளைவுகள் உண்டு. கடைசி வளைவு கரையில் எதன்மேல் சாய்கிறது என்று அடுத்த முறை கோரிப்பாளையம் போகும்போது எட்டிப் பாருங்கள்.