உதவிய கை என்ன செய்தது?

தொடர் கட்டுரை: 7

சென்ற வாரம், பர்ட்டன் பிளாட் என்னும் பேராசிரியரும் பிரெட் கப்லான் என்னும் புகைப்படக்காரரும், 1965-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில், இடுப்புப் பட்டியில் மறைத்து வைத்த காமிராவோடு அமெரிக்காவின் மனவளர்ச்சி குன்றியோர் விடுதிகளுக்குள் நுழைந்து, அங்கே கண்ட நரகத்தை மறு ஆண்டு நூலாக வெளியிட்ட வரலாற்றைப் பார்த்தோம். அந்தப் படங்கள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னே நடந்ததை ஊருக்குக் காட்டின. ஆனால், கதவு திறந்த பிறகு அங்கே கிடந்தவர்களுக்கு எதைக் கற்பிப்பது, எவ்விதம் கற்பிப்பது, கற்பித்தால் ஏறுமா என்ற கேள்விகளுக்குப் படங்கள் விடை சொல்லமாட்டா. அந்த விடைகளைத் தேடியவர்கள் ஆராய்ச்சி ஏடுகளில் எழுதியவர்கள்.

அவர்கள் எழுதிய வியாசங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவரும்போது ஒரு விஷயம் எனக்கு மேன்மேலும் தெளிவாகிக்கொண்டே வந்தது. பேசவும் எழுதவும் வல்ல ஒருவரைப் பற்றி எழுதினால், அவர் அதைப் படித்துவிட்டு, ‘நான் அப்படிச் செய்யவில்லை, என் கருத்து அதுவன்று’ என்று மறுப்பதற்கு இடமுண்டு. ஆனால் பேச்சும் எழுத்தும் வாய்க்காத, அங்க அசைவுகூடச் சிறிதே உள்ள ஒருவரைப் பற்றி எழுதும்போது, அச்சில் ஏறியதே அவரைப் பற்றிய முடிந்த முடிபாக நிலைத்துவிடுகிறது. ஆகையால் அத்தகையோருக்கு உதவுவது பற்றிய ஆராய்ச்சியில் முதலில் விவரிக்கப்பட வேண்டியவர் உதவி பெற்றவர் அல்லர், உதவியவரே. அவருடைய கை எங்கே இருந்தது, எப்பொழுது நீண்டது, எப்பொழுது விலகியது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிய வியாசம் பிறருக்குப் பயன்பட்டது. அதை எழுதாமல் விட்ட வியாசம் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு.

1949-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’ என்னும் ஏட்டில் பால் புல்லர் என்பவர் நான்கே பக்கங்களில் ஒரு வியாசம் எழுதினார். அதில் வருபவன் ஒரு விடுதியில் கிடந்த 18 வயது இளைஞன். மல்லாந்து கிடப்பான், புரண்டு படுக்க அறியான், தலையையும் கைகளையும் சிறிதளவு அசைப்பான், ஊட்டியதை விழுங்குவான். பிறந்த நாள் முதல் அவன் எதையும் கற்றதில்லை, இனிக் கற்கப்போவதுமில்லை என்பது அங்கிருந்த வைத்தியர்களின் அபிப்பிராயம். புல்லர், சர்க்கரை கலந்த இளஞ்சூடான பாலைப் பீச்சுக்குழலில் எடுத்துக்கொண்டு அவன் அருகில் அமர்ந்தார். அவனுடைய வலக்கை சற்று மேலே எழும்பிய போதெல்லாம், அந்தக் கணத்திலேயே, வாயில் சிறிது பாலைப் பீச்சினார். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவைகூட எழும்பாத அந்தக் கை, நான்காம் அமர்வில் நிமிஷத்துக்கு மூன்று தடவை எழும்பிற்று. பாலை நிறுத்தியபோது, நேரம் செல்லச் செல்ல, அசைவும் குறைந்தது. பால் வந்ததற்கும் கை எழுந்ததற்கும் உள்ள தொடர்பு அவ்விதமே பிரத்தியட்சமாயிற்று.

இந்தப் பரிசோதனைக்கு முன்னால் அந்த இளைஞனைப் பதினைந்து மணி நேரம் உணவின்றி வைத்தார்கள் என்பதையும் அதே வியாசம் சொல்கிறது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு இசையாது, இசையவும் கூடாது. வியாசத்தின் தலைப்போ இன்னும் நோகச் செய்வது: ‘தாவர நிலையிலுள்ள ஒரு மனித உயிரி’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் எவரும் கற்பிக்க முயலாததை நான்கு அமர்வுகளில் கற்றுக் காட்டிய ஒருவனுக்கு, அந்தக் கல்வியை உலகுக்கு அறிவித்த அதே ஏட்டில் கிடைத்த பெயர் அது. ஆயினும் பாலின் சூட்டையும், பீச்சிய தருணத்தையும், கை எழுந்த எண்ணிக்கையையும் புல்லர் மறைக்காமல் எழுதி வைத்த காரணத்தால், இன்னோர் ஊரில் இன்னொருவர் அதைப் படித்துத் தாமும் செய்து பார்க்க முடிந்தது. சுவையால் முடிந்தது ஒலியாலும் ஒளியாலும் முடியுமா என்று பிற்காலத்தவர் தேடிச் சென்ற பாதைக்கு அந்த நான்கு பக்கங்களே முதற்படி.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. ஏடுகளின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு சமுதாயத்தின் மனம் மாறிய கதை விளங்கிவிடும். ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மென்டல் டெஃபிஷியன்சி’ என்று நெடுங்காலம் வெளிவந்த ஏடு, 1987-இல் ‘ரிடார்டேஷன்’ என்ற சொல்லுக்கு மாறி, 2009-இல் அதையும் கைவிட்டு, அறிவுசார் வளர்ச்சிசார் குறைபாடு என்று பொருள்படும் பெயரை ஏற்றது. தமிழிலும் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் விலகி ‘மாற்றுத்திறனாளிகள்’ வந்ததை நாம் நம் காலத்திலேயே கண்டோம். சொல் மாறினால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாதுதான். ஆனால், தன்னைக் குறிக்கும் சொல்லைத் தானே திருத்திக்கொள்ள இயலாதவர் விஷயத்தில், அதைத் திருத்த வேண்டிய கடமை எழுதுகிறவரையே சேரும்.

இனி மார்க் கோல்ட். இல்லினாய்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இந்த ஆராய்ச்சியாளர் 1972-இல் வெளியிட்ட வியாசத்தின் நாயகன் ஒரு சைக்கிள் பிரேக். பின்சக்கரத்தின் அச்சுக்குள் அடங்கியிருந்து, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டியை நிறுத்தும் வகையைச் சேர்ந்தது அது. 15 உறுப்புகள் கொண்டது. சாதாரண அறிவுள்ள ஒருவரின் முன்னே அவற்றைக் கொட்டி, பூட்டச் சொன்னால், எந்த வளையம் எந்தப் பக்கம் நோக்கி உட்காரும் என்று தெரியாமல் திகைத்துத்தான் போவார். மிதமான அல்லது கடுமையான மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, அத்தகையோருக்கென நடந்த நான்கு தொழிற்கூடங்களில் எளிய கைவேலைகளில் காலங்கழித்து வந்த 64 பேரை அதன் முன்னே உட்கார வைத்தார் கோல்ட்.

உறுப்புகளை அறை அறையாகப் பிரித்த தட்டில், பூட்ட வேண்டிய வரிசைப்படி, கிரமமாக வைத்தார். ஒரு பாதிப் பேருக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உறுப்புகளைத் தந்தார். மறுபாதிக்கு, ஒவ்வோர் உறுப்பிலும், சரியாகப் பொருத்தும்போது பூட்டுகிறவரை நோக்கியிருக்க வேண்டிய முகத்தில் மட்டும் சிவப்புச் சாயம் பூசித் தந்தார். சிவப்புத் தெரிகிறதா, சரி. தெரியவில்லையா, திருப்பு: அவ்வளவுதான் இலக்கணம். பிற்காலத்தில் அவர் வகுத்த போதனைமுறையில், கற்பவர் தவறும்போது ‘தப்பு’ என்று சொல்வதில்லை. ‘வேறு விதமாக முயன்று பார்’ என்பதே சொல். சரியாகச் செய்யும்போதோ ஒரு பேச்சும் இல்லை. மௌனமே ‘சரி’ என்பதற்கு அடையாளம். புல்லரின் கையில் இருந்த சர்க்கரைப் பால் கோல்டின் கையில் இல்லை. அந்த வேலையின் நிறைவே கூலி என்று அவர் கருதினார்.

எட்டுத் தடவையில் ஆறு தடவை பிழையின்றிப் பூட்டினால் கற்றதாகக் கொள்வது என்பது விதி. ஏறத்தாழ அனைவரும் அந்த விதியை எட்டினார்கள். சாயம் பூசிய உறுப்புகளோடு பயின்றவர்கள் மற்றவர்களைவிட விரைவாக எட்டினார்கள். பிறகு, சாயமே இல்லாத, 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கைக் கொடுத்தபோதும் கற்றுக்கொண்டார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்தபோது கற்றது நினைவில் தங்கியிருந்தது. இதில் என் உள்ளத்தைத் தொட்டது எண்களைவிட அந்தச் சிவப்புச் சாயந்தான். இவர்களால் முடியாது என்று தலைமுறைகள் சொல்லிவந்த இடத்தில், முடியாமை அவர்களுடைய மூளையில் மட்டும் இல்லை, கற்பித்தவர் உறுப்புகளை வைத்துக் கொடுத்த விதத்திலும் இருந்தது என்பதை ஒரு தூரிகைத் தீற்றல் நிரூபித்துவிட்டது. மனவளர்ச்சிக் குறைவு என்பதற்குக் கோல்ட் பின்னாளில் தந்த இலக்கணமும் இதை ஒட்டியதே: அது சமுதாயத்திடமிருந்து சாதாரணத்தைவிட உயர்ந்த போதனைத் திறனை வேண்டி நிற்கும் ஒரு நிலை என்றார். குறையை அளக்கும் கோலை அவர் கற்பவரிடமிருந்து எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டார்.

இத்தகைய ஆராய்ச்சிகள் ஏடுகளோடு நின்றுவிடவில்லை. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல் ஒதுக்க அக்காலத்துப் பென்சில்வேனியாவின் சட்டம் இடங்கொடுத்தது. பெற்றோர் சங்கம் வழக்காடிற்று. 1971-இல் நியாயஸ்தலத்தில் சாட்சி சொன்ன நிபுணர்களுள் சென்ற வாரம் நாம் கண்ட பர்ட்டன் பிளாட்டும் ஒருவர். கல்வியால் பயன்பெற முடியாத குழந்தை என்று ஒன்று இல்லை என்பதே அவர்களுடைய சாட்சியத்தின் சாரம். அரசாங்கம் சமரசத்துக்கு இறங்கி வந்தது. 1975 நவம்பரில், இத்தகைய குழந்தைகளின் கல்விக்காக, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களின் கல்விக்கென்றே ஒரு சங்கமும், அதற்கென ஓர் ஆராய்ச்சி ஏடும் தோன்றின. பெயர்கள் பல மாறிய பின் இன்று அந்தச் சங்கம் ‘டாஷ்’ என்ற பெயரில் இயங்குகிறது; கடுமையான குறைபாடுடைய மனிதர்களுக்கான ஆராய்ச்சியும் நடைமுறையும் என்று பொருள்படும் பெயரோடு ஏடும் வெளிவருகிறது. ‘மனிதர்கள்’ என்ற சொல் முதலில் அந்தப் பெயரில் இல்லை. பிறகுதான் வந்து சேர்ந்தது.

இந்தத் துறையில் ஆயிரம் பேரை வைத்து ஆராய்வது அரிது. ஒருவருடைய குறைபாடு மற்றவருடையதைப் போல இராது. ஆகையால் மூவர், நால்வர், சில வேளை ஒருவரே வியாசத்தின் முழு ஆதாரம். உதவிக்கு முன் அவர் எவ்வாறு இருந்தார், உதவி தொடங்கியபின் எவ்வாறு மாறினார், உதவியை நிறுத்தினால் மாற்றம் நிற்கிறதா என்று நாள்தோறும் குறித்து, ஒருவர் கண்டதை அவரோடு கலந்து பேசாத இன்னொருவரும் தனியே குறித்து, இரண்டு குறிப்புகளும் எவ்வளவு ஒத்திருந்தன என்பதையும் கணக்கிட்டு அச்சிடுகிறார்கள். படிப்பதற்கு இது வறண்ட விவரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் சார்பில் பேச ஒருவரும் இல்லாத மனிதனுக்காக எழுத்திலே நிறுத்தி வைத்த வக்கீல் அந்த இரண்டாவது குறிப்பாளர் என்றே நான் கருதுகிறேன்.

அந்த வக்கீல் இல்லாமற்போன கதையையும் சொல்லியே ஆக வேண்டும். 1990-இல் ‘ஹார்வர்டு எஜுகேஷனல் ரிவியூ’ என்னும் பெரும் மதிப்புடைய ஏட்டில், சிராகியூஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் ஒரு வியாசம் எழுதினார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரோஸ்மேரி கிராஸ்லி என்ற ஆசிரியை கையாண்ட முறையை அது விவரித்தது. பேச்சில்லாத ஒருவருடைய கையையோ மணிக்கட்டையோ துணையாளர் தாங்கிக்கொள்ள, அவர் எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொற்களை அமைக்கிறார். இதற்கு ‘ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்’ என்று பெயர். ஒரு வார்த்தையும் பேசியறியாத பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், கணக்குப் போட்டார்கள், ‘அம்மா, உன்மேல் எனக்கு அன்பு உண்டு’ என்று தட்டினார்கள். அந்த வாக்கியத்தைப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து படித்த ஒரு தாயின் கண்களை நினைத்துப் பாருங்கள். அவளிடம் போய்ச் சந்தேகம் பேச யாருக்கு மனம் வரும்? சோதித்துப் பார்த்தால் பிள்ளைகளின் தன்னம்பிக்கை குலைந்துவிடும் என்று ஆதரவாளர்கள் வாதித்தார்கள். முறை அமெரிக்கா எங்கும் பரவிற்று.

பிறகு பலகையில் வேறு வாக்கியங்களும் வரத் தொடங்கின. தந்தை தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்று பிள்ளைகளின் விரல்கள் தட்டியதாகக் கொள்ளப்பட்டு, குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. பெற்றோர் நியாயஸ்தலங்களில் குற்றவாளிகளைப் போல நின்றார்கள். தட்டியது யார் என்ற கேள்வியை அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை.

நியூயார்க் மாநிலத்தில் ஓ. டி. ஹெக் என்ற பெயருடைய நிலையத்தில், டக்ளஸ் வீலரும் அவருடைய சகாக்களும் அந்தக் கேள்வியைச் சோதித்தார்கள். அவர்கள் இந்த முறையின் எதிரிகள் அல்லர். தங்கள் நிலையத்தில் அதைத் தாங்களே சிரத்தையோடு கையாண்டவர்கள். அதன் உண்மையை உலகுக்கு நிலைநாட்ட வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ள 12 பேர், துணையாளர் 9 பேர். மேஜையில் இருவருக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஒருவருக்குக் காட்டும் படம் மற்றவருக்குத் தெரியாது. சில வேளை இருவருக்கும் ஒரே படம், சில வேளை வெவ்வேறு படம். கை மட்டும் கையைத் தாங்கியிருக்கும். பார்த்த படத்தின் பெயரைத் தட்ட வேண்டும்.

180 தடவை முயன்றார்கள். தாம் மட்டும் கண்ட படத்தின் பெயரை அந்தப் பன்னிருவரில் ஒருவரும் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. படங்கள் வெவ்வேறாக இருந்தபோது, துணையாளர் கண்ட படத்தின் பெயர் பலகையில் வந்தது. துணையாளர்கள் வஞ்சகம் செய்யவில்லை. தம் கை தள்ளுவதைத் தாமே அறியாமல், உண்மையான அன்போடு, எதிரிலிருந்தவரின் வாயில் தம் சொற்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். அதை அறிந்த நாளில் அவர்களிற் சிலர் அடைந்த துயரம் சாமானியமன்று.

1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் அது இன்றும் வேறு பெயர்களில் சில இடங்களில் நடந்து வருகிறது. ஆகவே, பேச்சில்லாத ஒரு பிள்ளை திடீரென்று எழுதத் தொடங்கிவிட்டது என்ற செய்தி உங்கள் காதுக்கு வந்தால், மகிழ்வதற்கு முன்னால், துணையாளரின் கை எங்கே இருந்தது என்று கேளுங்கள். உதவியின்றித் தானே தட்டும் பலகையையும் படங்களையும் கொண்டு உண்மையாகவே பேசக் கற்றுக்கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

ஹெக் நிலையத்தார் தங்கள் நம்பிக்கைக்கு மாறாக வந்த முடிவை, எதையும் குறைக்காமல், 1993-இல் ‘மென்டல் ரிடார்டேஷன்’ என்னும் ஏட்டில் தங்கள் பெயர்களிலேயே வெளியிட்டார்கள்.