கதிரவன் காணாக் கடலடியில் ஒரு கூட்டுவாழ்வு

உயிர்கள் யாவும் உணவுக்குக் கதிரவனையே சார்ந்துள்ளன என்று நாம் படித்திருக்கிறோம். 1977ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகளுக்கருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் ஆய்வாளர்கள் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, அக்கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒளி சிறிதும் புகாத அவ்விடத்தில் சிப்பிகள் திரள்திரளாக வாழ்ந்தன.

அச்சிப்பிகளின் செவுள் உயிரணுக்களுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஊற்றுநீரிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை உயிர்வளியோடு வினைபுரியச் செய்து, அதனால் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அவை உணவை ஆக்குகின்றன. இதனை வேதிச்சேர்க்கை என்கிறோம். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுமுகட்டில் வாழும் சில சிப்பியினங்களில், மீத்தேனைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களும் உடன் உறைகின்றன. சிப்பி உறைவிடமும் ஓயாத நீரோட்டமும் தருகிறது. பாக்டீரியா உணவு தருகிறது. ஊற்று அடங்கிவிட்டால் இவ்வுறவு குலைந்து, சிப்பிகளும் நலிந்து மடிகின்றன.

ஆயினும், இவ்வுயிர்களுக்குக் கதிரவனே தேவையில்லை என்று மாணவர்க்குக் கூறிவிடலாகாது. பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் உயிர்வளி, மேலுலகில் ஒளிச்சேர்க்கையால் பிறந்து, கடல்நீரில் கரைந்து, ஆழத்துக்கு இறங்கி வந்ததாகும். ஆகவே, இங்கு ஒளியின்றி உணவு ஆக்கப்படுகிறது என்பது சரி. கதிரவனின்றியே இவ்வாழ்வு நிகழ்கிறது என்பது சரியன்று.