பவுண்டை வென்றவர் கேப் டவுனில் கற்ற பாடம்

1979-ம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவர் சேர வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி தேவை; 1959-ல் வந்த சட்டம் அப்படி. அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் படிக்க உதவித்தொகை தருவதாக நியூயார்க்கிலிருந்து ஒருவர் முன்வந்தார். பெயர் ஜார்ஜ் சோரஸ். தொழில், ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துவது.

இன்று அந்தப் பெயர் பல நாட்டு அரசியல் மேடைகளில் வசவாகவும் வாழ்த்தாகவும் அடிபடுகிறது. அந்தச் சண்டையை ஒதுக்கிவைப்போம். பிறப்பைக் காரணம் காட்டி வேட்டையாடப்பட்ட ஒரு சிறுவன் பெரும் பணக்காரர் ஆனார். அந்தப் பணத்தால் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

பெயரை மாற்றிய குடும்பம்

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1930 ஆகஸ்ட் 12 அன்று ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் சுவார்ட்ஸ். கேட்ட மாத்திரத்தில் யூதர் என்று தெரிந்துவிடும் பெயர். யூத வெறுப்பு வளர்ந்த 1936-ல் குடும்பம் 'சோரஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயரைச் சொன்னதும் சாதியைத் தேடும் கண்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1944 மார்ச்சில் நாஜிப் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. அந்தக் கோடையில் சில வாரங்களுக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம். சோரஸின் தந்தை திவதார் வழக்கறிஞர். தன் குடும்பத்துக்கும் மற்றவர்களுக்கும் போலி அடையாளத் தாள்கள் ஏற்பாடு செய்தார். 13 வயது ஜார்ஜ் இன்னொரு பெயரில், ஒரு கிறிஸ்தவ அதிகாரியின் ஞானமகன் என்ற பொய்யில் உயிர் பிழைத்தார்.

அம்பேத்கர் படித்த அதே பள்ளி

1947-ல் இங்கிலாந்து போனார். ரயில் நிலையத்தில் சுமை தூக்கினார், உணவகத்தில் பரிமாறினார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து, தத்துவப் பேராசிரியர் கார்ல் பாப்பரிடம் பாடம் கேட்டார்.

அதே பள்ளியில்தான் பாபாசாகேப் அம்பேத்கர் 1923-ல் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார். ரூபாயின் மதிப்பு இறங்கினால் விலைவாசி ஏறும், கூலி அந்த வேகத்தில் ஏறாது, முதலாளி அடையும் லாபம் கூலிக்காரர் வயிற்றிலிருந்து எடுத்தது என்று வாதிட்டவர் அவர். நாணயத்தின் ஏற்ற இறக்கம் யார் தலையில் விழுகிறது என்பது அம்பேத்கரின் கேள்வி. அந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிக் கணிப்பது சோரஸின் தொழில் ஆனது.

ஒரே நாளில் 100 கோடி டாலர்

1956-ல் அமெரிக்கா போன சோரஸ், 1970-களின் தொடக்கத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஹெட்ஜ் ஃபண்ட் என்பது பெரும் பணக்காரர்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும் பணம் திரட்டி முதலீடு செய்வது. விலை ஏறும் என்றும் பந்தயம் கட்டலாம், இறங்கும் என்றும் கட்டலாம். இறங்கும் என்று நினைக்கும் பொருளை இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்க வேண்டும். பிறகு விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பித் தர வேண்டும். இடையில் மிஞ்சுவது லாபம். கணிப்பு தவறினால் நஷ்டம் பயங்கரம்.

1992-ல் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை ஜெர்மனியின் மார்க்குக்கு நிகராகக் கட்டிக் காத்துவந்தது. நாட்டின் பொருளாதாரம் அதைத் தாங்கவில்லை. பவுண்ட் விழும் என்று முதலில் கணித்தவர் சோரஸிடம் பணியாற்றிய ஸ்டான்லி டிரக்கன்மில்லர். பந்தயத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னவர் சோரஸ். சுமார் 1,000 கோடி டாலர் அளவுக்குப் பவுண்டை விற்றார்கள். செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் வட்டியை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கியது. 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தது. மாலையில் தோல்வியை ஒப்புக்கொண்டது. சோரஸுக்குக் கிடைத்தது சுமார் 100 கோடி டாலர். பிரிட்டன் கருவூலம் பின்னாளில் போட்ட கணக்கில் பொதுப்பணத்துக்கு நேர்ந்த இழப்பு 330 கோடி பவுண்ட்.

பவுண்ட் விழக் காரணம் அரசின் தவறான முடிவு என்பார் சோரஸ். அதில் உண்மை உண்டு. ஆனாலும் இழந்தது மக்கள் வரிப்பணம். 2002-ல் பிரான்ஸ் நீதிமன்றம் ஒன்று, உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கியதாக அவருக்கு அபராதமும் விதித்தது. இந்தப் பணத்துக்குப் புனிதர் பட்டம் கட்ட வேண்டியதில்லை.

கேப் டவுன் கணக்கு

இப்போது கேப் டவுனுக்குத் திரும்புவோம். அவர் அங்கே கொடுத்தது சுமார் 80 மாணவர்களுக்கான உதவித்தொகை. அடுத்த முறை போய்ப் பார்த்தபோது, கறுப்பின மாணவர் எண்ணிக்கை 80 கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கே தன் பணத்தில் ஒரு பகுதி போயிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். சேர்ந்த மாணவர்களும் அந்த வளாகத்தில் அந்நியர்களாகவே உணர்ந்தார்கள். உதவுவதாக நினைத்தது, நிறவெறி அமைப்புக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததுதான் மிச்சம். ஏற்றுக்கொண்டவர்களின் படிப்பை முடிக்கவைத்துவிட்டு, திட்டத்தை நிறுத்தினார்.

துணைத் திட்ட நிதியைப் பற்றி நாம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வியும் இதுதான். ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பது முதல் வரி மட்டுமே. கூடுதலாக எத்தனை பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், எப்படியும் செய்ய வேண்டிய செலவை இந்தக் கணக்கில் எழுதினார்களா, வந்த பிள்ளைகள் கடைசிவரை படித்தார்களா என்பவை அடுத்த வரிகள்.

உதவித்தொகையோடு வழக்கும்

பிற்காலத்தில் அவருடைய அறக்கட்டளைகள் ஐரோப்பாவின் ரோமா மக்களுக்காகச் செலவிட்டன. ரோமா மக்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்றும் ஊருக்கு வெளியே குடியிருப்பு, வகுப்பில் தனி இடம் என்று வாழ்பவர்கள். 2005-ல் உலக வங்கியோடு சேர்ந்து அவர்களுக்கென ஒரு கல்வி நிதி தொடங்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ரோமா உரிமைக்காக வழக்காடும் அமைப்புக்கும் பணம் போனது. செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரில் ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளிகளில் தள்ளியதை எதிர்த்து 18 பிள்ளைகள் தொடுத்த வழக்கை நடத்தியது அந்த அமைப்புதான். 2007-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

2023-ல் 92 வயதில் சோரஸ் பொறுப்பை மகன் அலெக்சாண்டரிடம் ஒப்படைத்தார். அவருடைய சந்தைத் தந்திரம் நமக்குப் பயன்படாது. கேப் டவுனில் அவர் செய்த ஒரு காரியம் பயன்படும்: பணம் கொடுத்தவர் திரும்பப் போய்த் தலையை எண்ணிப் பார்த்தார். நம் பிள்ளைகளின் பெயரில் ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அப்படி எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.