முடியாத ஆய்வைப் பேசுங்கள்

தமிழ்நாட்டில் அகழாய்வுச் செய்தி பெரும்பாலும் அறிவிப்பாகத்தான் நம்மிடம் வருகிறது. அறிக்கை வெளியாகும்; ஆண்டுக் கணக்கு ஒன்று சொல்லப்படும்; மறுநாள் அதுவே தலைப்புச் செய்தி. அந்த ஆண்டு எப்படிக் கிடைத்தது, எந்தப் பானை ஓட்டின் எழுத்தில் யாருக்கு என்ன சந்தேகம் என்பதெல்லாம் துறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு வாசகருக்கு மிச்சமிருப்பது கொண்டாடுவது அல்லது மறுப்பது, இரண்டே வழி.

ஆனால் நம் மண்ணின் மிகப் பெரிய ஆய்வு ஒன்று, பாதி வழியில் சபையில் பேசிப் பேசியே வளர்ந்தது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அதுபோன்ற குகை எழுத்துகளைப் பற்றி 1919இல் புனேயில் கூடிய முதல் அனைத்திந்திய கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி கட்டுரை வாசித்தார். பொருள் முழுதாகப் பிடிபடாத நிலையில்தான் பேசினார். 1924இல் அதே மாநாடு சென்னையில் கூடியபோது கே.வி. சுப்பிரமணிய ஐயர் எழுந்தார். ற, ன, ழ, ள ஒலிகளுக்கென்று அங்கே தனி வடிவங்கள் இருக்கின்றன, ஆகவே இந்த மொழி தமிழ் என்றார். அவருடைய வாசிப்புகள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அடிப்படைக் கண்டுபிடிப்பு நின்றது.

1966இல் சென்னையில் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் ஐராவதம் மகாதேவன் தமிழ் பிராமி எனப்படும் அந்தக் குகை எழுத்தில் அதுவரை தெரிந்த கல்வெட்டுகளைத் தொகுத்து வைத்தார். கரூர் அருகே புகழூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களை அப்போதே அவர் வாசித்திருந்தார். அவருடைய முழுமையான ஆங்கில நூல் வந்ததோ 2003இல். நடுவே 37 ஆண்டுகள்! அதற்குள் 1981இல் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் கல்வெட்டு கிடைத்தது. பழைய வாசிப்புகளும் எழுத்துமுறை பற்றிய கருத்துகளும் மாறின. நூல் முடியட்டும் என்று அவர் 1966இல் வாய் மூடி இருந்திருந்தால் ஒரு தலைமுறை மாணவர்கள் சரிபார்க்கவும் மறுக்கவும் எதுவும் கையில் இல்லாமல் போயிருக்கும். 2003 நூலையும் அவர் இறுதியாக எண்ணவில்லை. 2014இல் திருத்திய பதிப்பு வந்தது.

அவை அறிஞர்கள் கூடிய சபைகள். இன்று பொதுமக்களுக்கும் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து பிறந்த சென்னை நூலகத்தில் ஆய்வுரைகள் நடக்கின்றன. ஆர்வமுள்ள எவரும் போய் உட்காரலாம். மதுரையில் யானைமலைக்கு ஆபத்து வந்தபோது உருவான பசுமை நடை என்ற இயக்கம், மக்களைச் சமணக் குன்றுகளுக்கே அழைத்துப்போய்த் தொல்லியல் அறிஞர்களைப் பாறைமேல் நின்று பேச வைத்தது. எனக்கு மிகவும் பிடித்த முறை அது. கேட்கிறவர் அந்த ஊர்க்காரர். எந்தப் பாறை எப்போது உடைக்கப்பட்டது, எந்தச் சுனை எந்த மாதம் வற்றும் என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வாளர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. அரைகுறை முடிவை ஊடகங்கள் ஊதிப் பெருக்கும் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் அறிவிப்பு மட்டுமே வந்த காலத்திலும் ஊதல் குறையவில்லையே. ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘உறுதி’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஆய்வாளர் வாயாலேயே பலமுறை கேட்டால்தான் கேட்பவருக்கு அது பழகும். கருத்தை யாராவது திருடிவிடுவார்கள் என்பது இன்னொரு பயம். சபையில் பேசியது உரியவரின் பெயரைக் காக்கவே செய்யும். சுப்பிரமணிய ஐயரின் முதன்மை இன்றும் அவரிடமே இருப்பது 1924இல் பேசி அச்சேறியதால்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பொது வாய்மொழித் தேர்வு நடத்துகிறோம். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் துறைக்காரர்களும் உறவினர்களும். அதற்குள் ஆய்வேடு கட்டி முடிந்திருக்கும்; கேள்வி கேட்டுப் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. அதற்கு ஓராண்டு முன்பே, சிவகளை அகழாய்வை ஆய்பவர் தூத்துக்குடி மாவட்ட மைய நூலகத்திலும், கொடுமணல் அகழாய்வை ஆய்பவர் அருகிலுள்ள சென்னிமலையிலும், ஒரு ஞாயிறு காலையில் தமிழில் பேசட்டும். தெரிந்ததைப் பாதி நேரம் சொல்லட்டும். மீதி நேரத்தை ஊராரின் கேள்விகளுக்கு விடட்டும்.