கட்டத்துக்குள் அடங்காத மழை

பாலக்காடு, இடுக்கி எல்லையில் நாளைய பருவநிலையைச் சொல்லும் கம்ப்யூட்டர் கணிப்புகள் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மூணாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மலையின் மறுபக்கம், தமிழக எல்லையை ஒட்டிய சின்னாறில் சுமார் 500 மில்லிமீட்டர்தான். இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இரு வேறு உலகங்கள்.

உலகளாவிய பருவநிலை மாடல்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. அவை பூமியைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. பெரும்பாலும் ஒரு கட்டத்தின் பக்கமே 100 கி.மீ. அல்லது அதற்கும் மேல். அதில் மேற்குத் தொடர்ச்சி மலை வெறும் மேடாகத் தேய்ந்துவிடும். பிராந்திய மாடல்கள் தேவைப்படுவது இதனால்தான். மத்திய அரசின் 2010 மதிப்பீட்டுக்குக் கைகொடுத்த 'பிரிசிஸ்' மாடலின் கட்டம் 50 கி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட நான்கு பகுதிகளில், 2030களில் வெப்பம் 1970களைவிட 1.7 முதல் 2.2 டிகிரி வரை கூடும் என்றது அது. ஆனால் இந்தக் கட்டத்திலும் மூணாறும் சின்னாறும் ஒன்றாக மாட்டிக்கொள்ளலாம். கிடைக்கும் சராசரி மழை இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. கேரளத்தின் 2014 செயல்திட்டம் பாலக்காட்டையும் இடுக்கியையும் பருவநிலை ஆபத்து அதிகமுள்ள மாவட்டங்களில் சேர்த்தது. 2016 ஏப்ரலில் மலம்புழையில் வெப்பம் 41.9 டிகிரியைத் தொட்டது. 2018ல் ஜூன் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இடுக்கியில் பெய்த மழை இயல்பைவிட சுமார் 92 சதவீதம் அதிகம்.

தண்ணீர்க் கணக்கு

பாலக்காட்டின் கவலை வேறு. 1970ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழகம் கேரளத்துக்குத் தர வேண்டும். சித்தூர் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. பொள்ளாச்சி வட்டார விவசாயிகளுக்கும் இதே திட்டம்தான் ஆதாரம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது அன்றைய மழை. ஆண்டின் மொத்த மழை மாறாவிட்டாலும், அது சில நாட்களில் கொட்டித் தீர்த்தால் அணையில் தேங்குவது குறையும், வழிந்தோடுவது கூடும்.

கணிப்புகளை எப்படிப் பயன்படுத்துவது? ஒரே மாடலை நம்பாமல் பலவற்றை ஒப்பிட வேண்டும். வெப்பம் பற்றிய கணிப்பு ஓரளவு உறுதியானது. மழையில் மாடல்கள் முரண்படும். முக்கியமாக, மாடல் கடந்த காலத்துக்குச் சொல்லும் மழையை உள்ளூர் மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். எஸ்டேட்டுகளின் பழைய மழைப் பதிவேடுகளுக்கு மதிப்பு வருவது இங்கேதான். திருத்திய எண்களை ஆற்று நீரோட்டக் கணக்கில் செலுத்தினால், இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே தாளை வைத்துப் பேசலாம்.

ஆனால் எந்தச் சரிவு எந்த இரவில் இடியும் என்பதை எந்தப் பிராந்திய மாடலும் சொல்லாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில். கனமழை கூடும் என்ற கணிப்பு, லயன்களை எங்கே கட்டக்கூடாது என்று முடிவெடுக்க உதவும். அந்த ஓர் இரவுக்குத் தேவை வேறு: மலைமேல் ஒரு மழைமானி, துண்டிக்கப்படாத தொலைபேசி, உடனே ஆட்களை வெளியேற்றும் அதிகாரம் உள்ள ஒருவர்.